வரைபடத்தில் இல்லாத ஒயர்

திங்கட்கிழமை காலை லின்ட்சே தன் விமானத்தில் ஏறி உட்கார்ந்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, மெயின் ஸ்விட்சைப் போட்டார். காதுக்குள் குளவிக்கூடு கலைந்ததுபோல ஓர் இரைச்சல். பதறிப்போய் ஹெட்செட்டைக் கழற்றிப் பார்த்தார். எஞ்சின் இன்னும் ஓடவே இல்லை. ஓடாத எஞ்சினிலிருந்து எப்படி ஐயா சத்தம் வரும்?

அது கடையில் வாங்கிய விமானம் இல்லை. கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் பரிங்கா விமானத் திடலில், தகரக் கொட்டகைக்குள், பதினோரு வருஷம் தன் கையாலேயே தட்டித் தட்டிக் கட்டிய இரண்டு இருக்கை விமானம். அதில் எந்த ஒயர் எங்கே போகிறதென்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சனிக்கிழமை நன்றாகப் பேசிய ரேடியோ திங்கட்கிழமை இரைகிறது என்றால், நடுவில் இருந்த ஞாயிற்றுக்கிழமை யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

வருகிற சனிக்கிழமை விமானக் கிளப்பின் ஐந்து விமானங்கள் ஐர் ஏரிக்குக் கிளம்புகின்றன. வடக்கே பெய்த மழையில் பாலைவனத்து ஏரி நிரம்பி, பெலிக்கன் பறவைகள் குவிந்திருக்கின்றன. இத்தனை தண்ணீர் இனி எந்த வருஷம் வருமோ, அப்போது லின்ட்சேவின் அறுபத்தெட்டு வயது எத்தனையாகியிருக்குமோ. ரேடியோ கேட்காத விமானத்தைக் கூட்டத்தோடு பறக்க யாரும் விடமாட்டார்கள். இரைச்சல் போகாவிட்டால் அவர் தரையில் நின்று கையசைக்க வேண்டியதுதான்.

யார் கை என்பதில் அவருக்கு ரொம்ப யோசனை இல்லை. பக்கத்துக் கொட்டகை டூகால். மெல்போர்னிலிருந்து வந்து சேர்ந்த ஓய்வுபெற்ற எலெக்ட்ரீஷியன். பளபளவென்று கம்பெனியில் செய்த விமானம் வைத்திருக்கிறவன். ஏப்ரலில் ஒருநாள், “இத வித்துடறதுன்னா எங்கிட்ட முதல்ல சொல்லு” என்று சிரித்துக்கொண்டே சொன்னவன். தீப்பிடித்தால் திறக்க வேண்டுமென்று அடுத்த கொட்டகைச் சாவி ஒன்றைக் கையில் வைத்திருப்பது கிளப் வழக்கம். ஆகவே லின்ட்சேவின் சாவி அவனிடம். ஞாயிற்றுக்கிழமை ஓடுபாதைப் புல் வெட்டும் முறை லின்ட்சேவுடையது. அரை நாள் டிராக்டரில் அந்தக் கோடியில் இருந்தார். இங்கே கொட்டகைப் பக்கம் இருந்தது டூகால்தான். நோரீனும் சாப்பாடு கொண்டு வந்திருந்தார், ஆனால் மனைவியை யார் கணக்கில் சேர்ப்பார்கள்?

நினைத்துக்கொண்டிருக்கும்போதே டூகால் டீக் குவளையோடு வந்து நின்றான்.

“என்ன லின்ட்சே, மூஞ்சி தொங்கிக் கெடக்கு?”

“ரேடியோல சத்தம்.”

“ஆல்டர்னேட்டரா?”

“எஞ்சினே ஓடல.”

“அப்ப எர்த் எங்கயாவது விட்டுருக்கும். இல்லன்னா எலி. நான் வேணா பாக்கட்டுமா?”

“ஒண்ணும் வேணாம்.” வெடுக்கென்று வந்தது பதில்.

டூகால் தோளைக் குலுக்கிவிட்டு வெளியே நின்ற லின்ட்சேவின் காரைப் பார்த்தான். “ஆமா, வண்டி முன்னாடி என்ன இப்படி நசுங்கியிருக்கு?”

“கங்காரு.”

“இவ்ளோ உயரத்துலயா?”

“கங்காருன்னா குதிக்காதா? தவழ்ந்தா வரும்?”

டூகால் சிரித்துக்கொண்டே போனான். லின்ட்சே சிரிக்கவில்லை. அந்த நசுங்கலைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அவருக்குக் காது சூடாகிவிடும். மே மாதம், கடைவீதியிலிருந்து பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, சைலோ ரோட்டில் கண்ணைத் திறந்து பார்த்தார். வண்டி வேலிக்கம்பத்தில் மூக்கை வைத்து உறுமிக்கொண்டிருந்தது. கண்ணை எப்போது மூடினார் என்பது நினைவில் இல்லை. கம்பத்தைத் தானே நிமிர்த்திவிட்டு, வீட்டில் கங்காரு என்று சொல்லிவிட்டார். சின்ன விமானக்காரர்கள் டாக்டரிடம் போக வேண்டியதில்லை. கார் ஓட்டத் தகுதியான உடம்புதான் என்று தாங்களே கையெழுத்துப் போட்டால் போதும். ஜூலையில் அந்தக் கையெழுத்தையும் போட்டார். பேனா கொஞ்சம்கூட நடுங்கவில்லை என்பதுதான் வெட்கக்கேடு.

அன்று மாலை கொட்டகையைப் பூட்டும் முன்பு, நோரீனின் சமையலறையிலிருந்து நைசாக எடுத்து வந்த கோதுமை மாவைத் தரை முழுக்கத் தூவினார். வரட்டும், காலடி பேசும். செவ்வாய்க்கிழமை காலை வந்து பார்த்தால், மாவில் ஒரு நீலநாக்குப் பல்லி நிதானமாக உலாப் போய்விட்டுத் திரும்பிய தடம். டூகாலின் பூட்ஸ் இல்லை. பெருக்கி அள்ளுவதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. அதனாலென்ன, சந்தேகம் குறைந்ததா? கூடத்தான் செய்தது. எவ்வளவு உஷாரான ஆள் பார், என்று நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை முறையாக இறங்கினார். வரைபடத்தை இருக்கையில் விரித்துவைத்து, ஒவ்வொரு கருவிக்கும் போகும் கரண்டைத் துண்டிக்கிற பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இழுத்தார். விளக்குகள் போயின. இரைச்சல் இருந்தது. பெட்ரோல் பம்ப், மீட்டர்கள், போன் சார்ஜர் எல்லாம் போயின. இரைச்சல் அப்படியே. கடைசியில் ரேடியோவைத் தவிர விமானத்தில் எதற்கும் கரண்ட் இல்லை. அப்போதும் காதுக்குள் குளவி. ரேடியோவைத் தனியாக ஒரு பேட்டரியில் மாட்டிக்கொண்டு மெயின் ஸ்விட்சை அணைத்தார். நின்றது. போட்டார். வந்தது.

பிரேக்கர்களுக்கு முன்னாலேயே, நேராக மெயின் லைனிலிருந்து, ஏதோ ஒன்று கரண்டைக் குடிக்கிறது. அப்படி ஒன்றை அவர் வைக்கவில்லை. வரைபடத்தில் அப்படி ஒரு கோடே இல்லை.

நேராக டூகாலின் கொட்டகைக்குப் போனார்.

“என் சாவியக் குடு.”

“எதுக்கு?”

“ஞாயித்துக்கெழம என் விமானத்துல என்னடா வச்ச?”

டூகாலுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. ஆணியிலிருந்து சாவியை எடுத்து லின்ட்சேவின் காலடியில் வீசினான். “மூணு வருஷமா உன் பக்கத்துல இருக்கேன். உன் பேட்டரி செத்தப்ப எல்லாம் என் பேட்டரியத் தூக்கிட்டு ஓடி வந்தேன். நல்ல மரியாத பண்ணின!” அதோடு விடவில்லை. கையடக்க ரேடியோவை எடுத்து, அதன் ஆண்டெனாவைத் திருகிக் கழற்றி, லின்ட்சேவின் கையில் திணித்தான். “ஆண்டெனா இல்லாம இது தூரத்துச் சத்தத்தக் கேக்காது. கிட்டத்துலதான் கேக்கும். இத வச்சு ஒயர் ஒயரா மோந்து பாரு. என் கை அங்க இருந்துச்சுன்னா, வந்து வெட்டு.”

கருவி நல்ல யோசனைதான் என்பது லின்ட்சேவுக்கு எரிச்சலாக இருந்தது.

ஒயர்க் கட்டுகள் வழியாக அதை நகர்த்திக்கொண்டே போனார். முன்பக்கம் லேசாக இரைந்தது. இருக்கைகளுக்குக் கீழே கொஞ்சம் கூடியது. மூட்டை வைக்கும் தட்டுக்குப் பின்னால், வால் பக்கமாகப் போகும் குறுகலான பொந்தில், ‘விர்ர்’ என்று அலறியது. தட்டைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்தார்.

தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. சரக்கு லாரிகளில் வைப்பார்களே, இருக்கிற இடத்தைப் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் சாட்டிலைட் வழியாகச் சொல்கிற கருவி, அது. அதற்குக் கரண்ட் கொடுக்க, கார் சாமான் கடையில் வாங்கிய மட்டமான ஓர் அடாப்டர். இரைந்தது அந்த அடாப்டர்தான். அதிலிருந்து சிவப்பு ஒயர் ஒன்று, அவர் போட்ட ஒயர்களோடு ஒட்டிக்கொண்டு, மெயின் லைன்வரை ஒழுங்காகப் போயிருந்தது.

வேவு பார்க்கிறான்! பல்லைக் கடித்துக்கொண்டு கத்தரியை ஒயரிடம் கொண்டுபோனவரின் கை நின்றுவிட்டது.

அந்த ஒயர் பிளாஸ்டிக் பட்டையால் கட்டப்படவில்லை. மெழுகு நூலால், விரல் அகலத்துக்கு ஒரு முடிச்சாகக் கட்டியிருந்தது. இந்தக் காலத்தில் அப்படிக் கட்டுகிறவர்கள் யார்? டூகாலுக்கு அந்த முடிச்சே தெரியாது. பழைய கட்டுகளெல்லாம் வெள்ளை நூல். இது கறுப்பு. வெள்ளை நூல்கண்டு தீர்ந்து, கறுப்பு நூல் வாங்கியது இந்த ஈஸ்டருக்கு. அது இருப்பது வீட்டில், தையல் மேசை இழுப்பறையில். முடிச்சுகள் ஒவ்வொன்றும் இடது பக்கம் சாய்ந்திருந்தன. பதினோரு வருஷமாக, லின்ட்சேவின் கை நுழையாத பொந்துகளிலெல்லாம் கைவிட்டுக் கட்டிக் கொடுத்த இடதுகைக்காரர் ஒருவர்தான்.

அவர் மூட்டைத் தட்டின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒயரை வெட்டவில்லை. பெட்டியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டார்.

வீட்டில் நோரீன் சனிக்கிழமைப் பயணத்துக்காகப் பிஸ்கட் டின்னில் அடுக்கிக்கொண்டிருந்தார். லின்ட்சே பெட்டியை டின் பக்கத்தில் வைத்தார்.

“இது உன் வேலதானே?”

நோரீன் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். மறுக்கவில்லை.

“நாப்பது வருஷம் கழிச்சு எம்மேல சந்தேகமா? நான் எங்க போறேன்னு பாக்கணுமா உனக்கு? ஐர் ஏரிக்கரையில எவள வச்சிருக்கேன், பெலிக்கனயா?”

“நீ எங்க போறேன்னு பாக்க வைக்கல. எங்க வந்து உன்ன எடுக்கணும்னு தெரியறதுக்கு வச்சேன்.”

“அதுக்குத்தான் இடுப்புல பீக்கன் கட்டியிருக்கேனே! பட்டன அமுக்கினா ஹெலிகாப்டரே வருமே!”

“அமுக்கறதுக்கு முழிப்பு இருக்கணும், லின்ட்சே.”

லின்ட்சே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“உனக்கு எப்படி…”

“கங்காரு அடிச்ச வண்டிய நான்தானே கழுவினேன். ஒரு மயிர் இல்ல, ரத்தம் இல்ல. கம்பத்துப் பெயிண்ட் இருந்துச்சு.” “நீயா சொல்லுவேன்னு பாத்தேன். ஜூலைல கையெழுத்துப் போடறப்பவாவது சொல்லுவேன்னு பாத்தேன். நீ விசிலடிச்சுக்கிட்டே போட்ட.”

“ரெண்டு செகண்டுதான் இருக்கும், நோரீன். கண்ணு அசந்துருக்கும். எவ்ளோ நேரம்னு எனக்கே தெரியாது.”

“எனக்குத் தெரியும்,” என்றார் நோரீன். “கடைலேந்து கிளம்பறேன்னு போன் பண்ணின. பத்து நிமிஷ ரோடு. வந்து சேர அம்பது நிமிஷம் ஆச்சு. கம்பத்த நிமுத்த கால் மணி நேரம்னு வச்சாலும், மீதி நேரம் நீ இந்த உலகத்துலயே இல்ல. பால் வெதுவெதுன்னு ஆயிருந்துச்சு.”

லின்ட்சே டூகாலைச் சந்தேகப்பட்டார், சாவியைத் திருப்பிக் கேட்டார், தரையில் மாவு தூவிக் காவல் காத்தார். சந்தேகப்பட வேண்டிய ஒரே ஆளை மட்டும் விமானி இருக்கையில் உட்கார வைத்து பெல்ட்டும் போட்டுவிட்டிருந்தார். பயம் அப்போதுதான் வந்தது, மே மாதத்தில் வந்திருக்க வேண்டிய பயம். வேலிக்கம்பம் இருக்கிற இடத்தில் வண்டி நின்றது. மேலே என்ன இருக்கிறது நிறுத்த?

சட்டைப்பையிலிருந்து விமானச் சாவியை எடுத்து நோரீன் பக்கம் தள்ளினார். நோரீன் அதை எடுக்கவில்லை, அவர் கையைத்தான் பிடித்துக்கொண்டார்.

டாக்டருக்குப் போன் செய்தார்கள். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். அதன்பிறகு லின்ட்சே டூகாலின் எண்ணைப் போட்டார். வெகுநேரம் மணியடித்த பிறகு எடுத்தான்.

“கண்டுபுடிச்சியா?”

“புடிச்சேன்.”

“என் கை அங்க இருந்துச்சா?”

“இல்ல.”

“அப்ப யாருய்யா அது?”

“நான்தான்,” என்றார்.