படுதாவுக்குக் கீழே இருந்தது

அறுபத்தொன்றாம் படத்தில் தப்புச் செய்தவள் நான். அதற்காகக் காலை பதினொரு மணிக்கு வேலையை விட்டுப் போகப்போகிறவர் கோகுல்ராஜ் அண்ணன். இது எனக்குத் தெரிந்தபோது மணி ஏழரை. நாலு நாள் மழையில் எங்கள் பக்கத்து டவர் படுத்துக் கிடந்தது. கூக்கால் ஏரிக்கு மேலே ஒரு பாறையில் ஏறி நின்றேன், ஒரே ஒரு கோடு சிக்னல் வந்தது, அண்ணன் முந்தின நாள் அனுப்பிய செய்தி வந்து விழுந்தது, கோடு போய்விட்டது.

"மகா, 61ஐ நான் சாதாக் கேரியர்னு போட்டிருக்கேன். அது பின்னாடி டூ பவுண்டர் பீரங்கி வச்ச வண்டியாம். கேம் வீடியோல தப்பா வந்து, ஆஸ்திரேலியாக்காரங்க காறித் துப்புறாங்க. நாளைக்கு 11 மணிக்கு மீட்டிங். பேரு போட்ட ஆளை வேலைய விட்டு எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. மூணு நாளா அந்தப் படத்தையே பாக்குறேன், எப்படி விட்டேன்னு தெரியலை. என் கண்ணு போச்சு மகா. நீயாவது சூதானமா இரு."

எங்கள் சோலியைச் சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். மெல்போர்னில் ஒரு கம்பெனி போர் விளையாட்டு தயாரிக்கிறது. இரண்டாம் உலகப் போரில் அந்த நாட்டுக்காரர்கள் ஓட்டிய வண்டியும் சுட்ட துப்பாக்கியும் அதில் அச்சு அசலாக வர வேண்டும். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை அனுப்புவார்கள். இது சென்டினல் டாங்கி, இது ஓவன் துப்பாக்கி என்று நாங்கள் பேர் சொல்லிப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கொடைக்கானல் பஜாரில் கம்பளிக் கடைக்கு மாடியில் ஆபீஸ். முதலாளி சஜ்ஜாத் பாய். வேலைக்கு அண்ணனும் நானும்.

ஓவன் துப்பாக்கிக்குக் குண்டுப் பெட்டி மேலே நிற்கும். வந்த புதிதில், படம் தலைகீழாக இருக்கிறது என்று நான் திருப்பி வைத்துவிட்டேன். அண்ணன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஆனால் பாயிடம் மூச்சு விடவில்லை. அண்ணன் பாச்சலூர்க்காரர், முப்பத்தாறு வயது. சக்கரத்தை மட்டும் காட்டினால் போதும், வண்டியின் ஜாதகத்தையே சொல்லிவிடுவார். மற்றபடி சாமர்த்தியம் பூஜ்யம். பஸ் ஏறினால் வேறு ஊரில் இறங்குவார். அந்தக் கண் ஒன்றுதான் அவர் சொத்து, அதுதான் போய்விட்டது என்கிறார்.

வீட்டுக்கு ஓடி என் நோட்டைப் பிரித்தேன். நான் கூக்காலில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். நெட் நிற்காது என்பதால் போனில் இறக்கி வைத்த படங்களைப் பார்த்து நோட்டில் எழுதுவேன். சிக்னல் கிடைக்கும்போது போனில் வாசிப்பேன். அண்ணன் அங்கே கணினியில் ஏற்றுவார். அதனால் எல்லாப் படத்துக்கும் அவர் பேர்தான் விழும். எது யார் பார்த்தது என்று அவருக்கே மறந்துபோகும்.

61க்கு நேரே என் கையெழுத்து. "பொடி."

பூண்டு தரம் பிரிக்கிற வீட்டில் பிறந்தவள் நான். பெரிசு ஒரு குவியல், நடுத்தரம் ஒரு குவியல், கடைசியில் பொடி. சந்தேகம் வந்தால் யாரையும் கேட்காதே, பொடியில் தள்ளு. பெரிசில் ஒரு சொத்தை கலந்தால் மூட்டையே கெட்ட பேர் வாங்கும். பொடியில் ஒரு நல்லது கிடந்தால் யாருக்கு என்ன நட்டம்? பழகின கை. படங்களையும் அப்படியே பிரித்தேன். மூடி இல்லாத சின்னக் கவச வண்டிக்கு ப்ரென் கேரியர் என்று பேர். ஆயிரக்கணக்கில் செய்தார்கள், அதுதான் என் பொடிக் குவியல். அறுபத்தொன்றில் வண்டியின் பின்னால் படுதா போட்டு மூடியிருந்தது. எங்கள் ஊரில் எந்த ஜீப்பிலும் படுதாவுக்குக் கீழே இருப்பது சுமைதான். தள்ளிவிட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். பஸ் போய்விட்டது. ஒன்பது மணிக்குத்தான் கொடைக்கானலுக்குப் பூண்டு ஏற்றிக்கொண்டு மலைச்சாமி அண்ணன் ஜீப் கிளம்பியது. மறித்தேன்.

"என்னத்தா, சோலையில தீப்பிடிச்ச மாதிரி ஓடியார?"

"தீதாண்ணே. வெரசா போங்க, ஒரு ஆளு பொழப்பு போகப்போகுது."

மூட்டை மேல் போட்டிருந்த படுதாவிலேயே ஏறி உட்கார்ந்தேன். சிரிக்கத் தோன்றியது, அழுகைதான் வந்தது. பூம்பாறைக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது ரோட்டில் மரம் விழுந்து கிடந்தது. மலைச்சாமி அண்ணன் இறங்கிவந்து படுதாவைத் தூக்கினார். மூட்டைகளுக்கு நடுவிலிருந்து நீளமான அரிவாளை உருவினார். இத்தனை வருஷம் இந்த ஜீப்பைப் பார்க்கிறேன், உள்ளே அரிவாள் இருப்பது தெரியாது.

"இது இம்புட்டுப் பெரிய மரத்துக்கு ஆகாதுத்தா. ரம்பம் வரணும். மத்தியானம் ஆயிரும்."

மணி பத்து. மரத்தில் ஏறிக் குதித்தேன். செருப்பு வார் அறுந்தது, கழற்றி வீசினேன். அட்டை கடிக்கிறது, பிய்த்தெறிய நேரமில்லை. பூம்பாறை முருகா, குழந்தை வேலப்பா, எனக்கு ஒன்றும் வேண்டாம், ஒரு கோடு சிக்னல் கொடு என்று வாய்விட்டுக் கேட்டுக்கொண்டே ஓடினேன். பத்தே முக்காலுக்குப் பூம்பாறை வளைவில் போன் உயிர் பெற்றது. பாயைக் கூப்பிட்டேன்.

"பாய், மீட்டிங்ல நானும் பேசணும். அறுபத்தொண்ணு..."

"அவங்க முன்னாடியே கூப்பிட்டுட்டாங்க, மீட்டிங் பத்து மணிக்கே முடிஞ்சிருச்சு மகா. கோகுல் பேரைக் கொடுத்தாச்சு. அவரும் ஆமான்னுட்டாரு. சாமானை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாரு."

"அது நான் போட்டது பாய். நோட்டுல இருக்கு."

"நோட்டைக் கிழிச்சு அடுப்புல போடு. அவங்க கோவம் தணிஞ்சு அடுத்த செட் படம் அனுப்புறேன்னுட்டாங்க. இப்பப் போயி கிளறாதம்மா."

"பாய், அந்த மனுசன் தனக்குக் கண்ணு போச்சுன்னு நெனச்சிக்கிட்டு இருக்காரு!"

"ரெண்டு பேரும் போனா ஆபீஸை நான் இழுத்து மூடணும்."

"அப்ப என்னைய அனுப்புங்க!" என்று கத்தினேன். வளைவில் கேரட் கழுவிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். போனை வைத்தேன். நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து, மெல்போர்ன்காரர்கள் இருக்கிற குரூப்பிலேயே போட்டேன். 61 என் தப்பு, பின்னால் இருந்ததைச் சுமை என்று நினைத்தேன், கோகுல்ராஜ் அதைப் பார்க்கவே இல்லை என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். இந்த வேலை போனால் எனக்கு மறுபடி பூண்டுதான். தெரிந்துதான் அனுப்பினேன்.

கால் மணி நேரம் கழித்து பாய் கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது. "படிச்சிட்டாங்க. கோகுல் இருக்கட்டுமாம். நீ வேண்டாமாம். நீயே அவருக்குச் சொல்லிரு, என் போனை எடுக்க மாட்டேங்கிறாரு."

என் வேலை போனது. ஆனாலும் சந்தோஷம். மெய்யாகவே சந்தோஷம். அண்ணனைக் கூப்பிட்டேன். பஸ் ஸ்டாண்ட் இரைச்சல்.

"அண்ணே, அறுபத்தொண்ணு நீங்க பாக்கவே இல்லை. நான் பாத்தது. படுதாவைப் பாத்துச் சுமைன்னு நெனச்சுட்டேன். எல்லாருக்கும் சொல்லிட்டேன். நீங்க ஆபீஸுக்குத் திரும்பிப் போங்க."

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அப்ப என் கண்ணு போகலையா மகா?"

"போகலைண்ணே."

"நெசமா?"

"சத்தியமாண்ணே."

அவர் அழுவது கேட்டது. கண்டக்டர் யாரையோ ஏறச் சொல்லிக் கத்தினார்.

"பத்து வருசமாச் சேத்தேன் மகா. நாப்பதாயிரம் படம். ஒவ்வொண்ணுலயும் என்ன வண்டி, எந்த வருசம், எல்லாம் எழுதி வச்சிருந்தேன். கண்ணு போனவனுக்கு இது எதுக்குன்னு, இன்னைக்கு வெள்ளனே எந்திரிச்சு எல்லாத்தையும் அழிச்சுட்டேன்."

நான் வளைவுக் கல்லில் உட்கார்ந்தேன். மூன்று நாளில் அந்த மனிதர் ஒரு தடவை என்னிடம் "இது நீயா பாத்தது?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என்னைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை.

"அந்த அறுபத்தொண்ணு உங்கிட்ட இருக்கா?" என்றார்.

"இருக்குண்ணே."

"அதையாவது அனுப்பு."

அனுப்பினேன். அவர் பார்த்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "படுதா ஓரத்துல பீரங்கிக் குழாய் முனை தெரியுதே மகா, எவ்வளவு பளிச்சுன்னு தெரியுது" என்றார். நானும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தெரிந்தது.