திஹோமிரின் முன்பல்லும் குறுக்குக்காற்றும்

திஹோமிரின் கீழ் முன்பல் ஈறு மறுபடி ஏன் வீங்கியது என்பதற்கு ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மூன்று வருடத்துக்கு முன் வேறு ஊரில் ரூட் கேனல் செய்தபோது கதவும் ஜன்னலும் ஒரே நேரத்தில் திறந்திருந்தனவாம். குறுக்குக்காற்று பல்லுக்குள் புகுந்துவிட்டதாம். இதைச் சொன்னது அவர் மனைவி லியூபிங்கா. செர்பியாவில் குறுக்குக்காற்றின் மேல் போடாத பழி கிடையாது. கழுத்து பிடித்தாலும் அதுதான், மாவு பொங்காவிட்டாலும் அதுதான்.

உண்மைக் காரணம் பல் டாக்டர் ரோசந்தாவுக்குத் தெரியும். கீழ் முன்பல்லுக்கு வேருக்குள் ஒரே குழாய்தான் என்று நினைத்துவிடுவது சுலபம். திஹோமிரின் பல்லில் இரண்டு இருந்தன. பழைய டாக்டர் ஒன்றைச் சுத்தம் செய்துவிட்டு, அதன் பின்னால் தலைமுடி மாதிரி ஒளிந்திருந்த இன்னொன்றைப் பார்க்காமலே மூடிவிட்டார். எக்ஸ்ரேயில் வேர் நுனியில் பட்டாணி அளவுக்குக் கறுப்பு நிழல்.

திஹோமிர் ஊர் வாத்தியக் குழுவின் முதல் டிரம்பட்காரர். டிரம்பட்டை அழுத்தி ஊதும்போது உதட்டுக்குப் பின்னாலிருந்து தாங்குவது அந்தப் பல்தான். அது போனால் மேல்சுரமெல்லாம் வெறும் காற்று. எதிர்த்தெரு டாக்டர் “பிடுங்கிடு” என்று இரண்டு முறை சொல்லிவிட்டார். க்ளினிக் திறந்து எட்டே மாதமான ரோசந்தாதான் “காப்பாத்தலாம்” என்று வாயைக் கொடுத்துவிட்டாள்.

ஒளிந்திருந்த குழாயைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டிலும் மருந்து வைத்து, மேலே தற்காலிக சிமெண்ட் பூசினாள்.

“மாமா, இது சும்மா மூடி. ரெண்டு வாரத்துக்கு டிரம்பட் கூடாது. முன்பல்லால கடிக்கக் கூடாது. வலிச்சா ராக்கியா சாராயத்தை வாயில ஊற வைக்கக் கூடாது.”

“குடிக்கலாமா?”

“முழுங்குங்க. ஊற வைக்காதீங்க.”

“அது ஒண்ணுதாம்மா எனக்கு ஒழுங்கா வரும்.”

“பதினெட்டாம் தேதி கண்டிப்பா வரணும். அன்னைக்குத்தான் நிஜமா அடைப்பேன்.”

பதினெட்டாம் தேதி ஆள் வரவில்லை. ரோசந்தா போன் செய்தாள். லியூபிங்கா எடுத்தாள்.

“வலியே இல்லையாம்டி! உன் கைக்குத் தங்க வளையல் போடணும்.”

“அத்தை, வலி போனா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம் இல்ல. அவரை அனுப்புங்க.”

“நாளைக்கு எங்க வீட்டுப் புனிதர் நாள். ஆறு கெண்டை மீன் சுத்தம் பண்ணாம கிடக்கு, அந்த மனுஷன் மேசை தூக்கப் போயிருக்காரு. ஜனவரியில பாத்துக்கலாம்.”

ஜனவரி வரை அந்தச் சிமெண்ட் தாங்காது. மயிரிழை வழி கிடைத்தாலும் எச்சில் உள்ளே இறங்கிவிடும். அப்புறம் உள்ளே எவ்வளவு கழுவியிருந்தாலும் கழுவாத மாதிரிதான்.

மறுநாள் காலையில் ரோசந்தாவுக்கு ஒரு யோசனை வந்தது. புனிதர் நாளுக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர் வரலாம், வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. காப்பிப் பொட்டலமும் ஒயின் பாட்டிலும் வாங்கிக்கொண்டு திஹோமிர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்த திஹோமிரின் முகம் ஒரு நொடி சுருங்கி, உடனே மலர்ந்தது. வேறு வழியில்லை. லியூபிங்கா தட்டை நீட்டினாள். வேகவைத்து அரைத்த கோதுமை, மேலே சர்க்கரை. ரோசந்தா சிலுவை போட்டுக்கொண்டு ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள். நறுக்கென்றது. வால்நட்.

“மாமா, இதை நீங்களும் சாப்பிட்டீங்களா?”

“வீட்டுக்காரன் சாப்பிடாம இருப்பானா? வந்த ஒவ்வொருத்தர் கூடவும் ஒரு ஸ்பூன்.”

உள்ளே பதினாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“வாயைத் திறங்க.”

“விருந்தாளிங்க முன்னாடியா? மானம் போயிடும்!”

“பல்லு போறதுக்கு மானம் போகட்டும்.”

புனிதர் நாள் ரொட்டியை ஜெபித்து வெட்ட வந்திருந்த பாதிரியார் எழுந்து வந்தார். “திறப்பா. திருப்பலியில எப்பவும் வாயைத் திறந்துதானே தூங்குவே.”

மேசை சிரித்தது. திஹோமிர் திறந்தார். ரோசந்தா போன் வெளிச்சத்தில் பார்த்தாள். சிமெண்டின் ஓரம் உடைந்து, அந்த இடத்தில் வால்நட் துணுக்கு ஒன்று சொகுசாக உட்கார்ந்திருந்தது.

“இப்பவே கிளம்பணும்.”

“விருந்தாளி இருக்கும்போது வீட்டுக்காரன் உட்காரவே கூடாது, நீ வெளியே கூப்பிடுறியே!”

“அப்ப நானும் போக மாட்டேன். நானும் விருந்தாளிதான். பண்டிகை நடக்குற மூணு நாளும் இங்கேயே இருந்து, நிமிஷத்துக்கு ஒரு தடவை ‘வாயைத் திறங்க’ன்னு சொல்லுவேன்.”

திஹோமிர் பரிதாபமாகப் பாதிரியாரைப் பார்த்தார். பாதிரியார் தாடியைத் தடவினார். “விருந்தாளிங்களை விட்டுட்டுத்தானே போகக் கூடாது? எல்லாரும் சேர்ந்து போவோம். மீனை எடுங்க.”

புனிதருக்கு ஏற்றிய மெழுகுவத்திக்குக் காவலாக லியூபிங்கா மட்டும் வீட்டில் நின்றாள். மற்றவர்கள் தட்டும் பாட்டிலுமாகப் பனியில் ஊர்வலம் போனார்கள். எதிர்த்தெரு டாக்டர் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார்.

க்ளினிக்கில் ரோசந்தா ரப்பர் திரையை விரித்து, அந்த ஒரு பல்லை மட்டும் வெளியே எட்டிப்பார்க்க விட்டாள். எச்சிலுக்கு இனி அங்கே வேலையில்லை. நல்லவேளையாக அழுக்கு ஆழமாக இறங்கியிருக்கவில்லை. இரண்டு குழாய்களையும் புதிதாகச் செய்வதுபோலப் பொறுமையாகக் கழுவினாள். பக்கத்து அறையில் மீன் வாசனை தாங்காமல் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள்.

“குறுக்குக்காற்று!” என்று மற்ற பதின்மூன்று தொண்டைகளும் ஒன்றாக அலறின. ஜன்னல் படாரென்று மூடியது. ரோசந்தா வறுத்த கெண்டை வாசனையிலேயே வேர் நுனிவரை அடைத்து, எக்ஸ்ரே எடுத்தாள். அடைப்பு நுனிக்குக் குறையவும் இல்லை, வெளியே வழியவும் இல்லை. மேலே கெட்டியாக நிரந்தர அடைப்பு வைத்தாள்.

“ஜெயிச்சாச்சா?” என்றார் திஹோமிர், மரத்துப்போன உதட்டோடு.

“ஆறு மாசம் கழிச்சு எக்ஸ்ரே சொல்லும்.”

ஜனவரிக் கடைசியில் ஒரு கல்யாணத்தில் திஹோமிர் ஊதினார். மேல்சுரம் முழுசாக வந்தது. ஆனாலும் ஜூன் வரை ரோசந்தா யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஜூனில், டிரம்பட் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவரே வந்தார். ரோசந்தா இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். பட்டாணி கடுகாகிவிட்டது. மீதி இடத்தில் எலும்பு வளர்ந்திருந்தது.

“பாருங்க மாமா! ரெண்டாவது குழாய், ரப்பர் திரை, நல்ல மூடி. எல்லாம் சேர்ந்து காப்பாத்திடுச்சு.”

திஹோமிர் படத்தைக் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். அவர் கண் லேசாகக் கலங்கியது.

“அது சரிம்மா. ஆனா ஜன்னலை அன்னைக்கு நேரத்துல மூடினோம் பாரு” என்றார்.

பிறகு எழுந்துபோய், ஜூன் வெயிலில் திறந்து கிடந்த ஜன்னலைக் கவனமாகச் சாத்திவிட்டு, டிரம்பட்டை வெளியே எடுத்தார்.