இரண்டு கதவுக் காடி

குமுதா புக்கிட் ரோத்தானில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இருபதுகளில் பிடித்த வேலை. அன்றிலிருந்து அவள் இடதுபக்க இருக்கையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். பயிற்சிக் காரில் அந்தப் பக்கத்துக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் காலை லேசாக வைத்துக்கொண்டு, பக்கத்தில் வியர்த்து வழியும் பிள்ளையிடம் "கிளச்ச மெதுவா விடு, பதறாத" என்று சொல்லிச் சொல்லியே அவளுடைய காலம் போயிருந்தது.

பிள்ளைகள் பெரும்பாலும் விளக்குச் சந்திப்பில்தான் இஞ்சினை அணைத்துவிடுவார்கள். பச்சை விழுந்து ஒரு நொடிகூட ஆகியிருக்காது, பின்னால் நிற்பவர்கள் ஹாரனை அமுக்கத் தொடங்குவார்கள். லோரிக்காரர்களைக் கேட்கவே வேண்டாம். கரும்பச்சை நிறத்தில் நீண்ட மூக்கோடு வரும் ஒரு பழைய ஜாகுவார் மட்டும் ஹாரன் அடித்து அவள் கேட்டதேயில்லை. இரண்டே கதவுகள் கொண்ட கார். விளக்கு மறுபடி சிவப்பானாலும் சரி, பேசாமல் நிற்கும். பக்கக் கண்ணாடியில் அதன் மூக்கைப் பார்த்துவிட்டால் குமுதாவுக்கு மனசு அமைதியாகிவிடும். அவசரமே இல்லாத ஒரு கார் இந்த ஊரில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வாள்.

ஒரு வருஷமாக அந்தக் காரைக் காணோம். விசாரித்தாள். கோல சிலாங்கூரில், மெலாவத்தி குன்றின் அடிவாரத்தில் இருக்கும் கொர்னேலியஸ் என்பவருடையது என்று சொன்னார்கள். செம்பனை எண்ணெய் ஆலையில் இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணில் ஏதோ கோளாறாம், ஓட்டுவதில்லையாம், விற்கப்போகிறாராம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குமுதா அவர் வீட்டுக்குப் போனாள். ஏன் போகிறோம் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. குன்றிலிருந்து இறங்கிவரும் குரங்குகள் கூரைமேல் ஏறிக் குதிக்காமல் இருக்க, கார் நிற்கும் இடத்தைச் சுற்றிக் கம்பிவலை அடித்திருந்தார். உள்ளே, துணிப்போர்வைக்குக் கீழே அது நின்றது.

கொர்னேலியஸ் உயரமானவர், வெள்ளைச் சட்டை, தடித்த கண்ணாடி. பேசும்போது முகத்தைக் கொஞ்சம் ஒருக்களித்துக்கொண்டு பார்த்தார்.

"கேயெல் பட்டணத்துலேருந்து ஆளுங்க வந்தாங்க," என்றார். "ஒருத்தன் வந்ததும் வராததுமா காடிக் கூரைய விரலால தட்டிப் பாத்தான். இன்னொருத்தன் இதோட ஒயரத்தக் கொறச்சு, புது ரிம் போடலாமான்னு கேக்குறான். ரெண்டு பேரையும் போகச் சொல்லிட்டேன். நீ எதுக்கு வாங்குற?"

"தெரியல சார்," என்றாள் குமுதா.

அவர் சற்று யோசித்தார். பிறகு சாவியை எடுத்து நீட்டினார். "சரி, ஓட்டு பாப்போம்."

கதவு கனமாக இருந்தது. சாத்தியதும் வெளிச்சத்தம் நின்றுபோனது. தோல் இருக்கையின் வாசனை, முன்பலகையில் பளபளக்கும் மரம், கண்ணாடிக்கு அப்பால் போய்க்கொண்டே இருக்கும் அந்த மூக்கு. இஞ்சின் ஓடுகிறதா என்று சந்தேகம் வந்து முள்ளைப் பார்த்துக்கொண்டாள். ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போதுதான் காலை அழுத்தினாள். கார் பாயவில்லை; எழுந்து நடப்பதுபோல வேகம் எடுத்தது.

ஒவ்வொரு வளைவிலும் கொர்னேலியஸின் கால் தரைவிரிப்பை அமுக்குவதைக் குமுதா பார்த்தாள். அந்தக் காலை அவளுக்குத் தெரியாதா! அவளுடையதும் அதே கால்தான். ஆனால் இன்று அவள் வலதுபக்கம் இருந்தாள். யாருக்கும் எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை. யாருடைய தவறுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. திரும்பி வந்து காரை நிறுத்தியபோது, இது இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

"நல்லா ஓட்டுற டீச்சர்," என்றார் கொர்னேலியஸ். கொஞ்சம் வருத்தமாகத்தான் சொன்னார். விலை பேசி முடித்ததும் ஒரு சாவியைத் தந்துவிட்டு, இன்னொன்று எங்கேயோ தொலைந்துவிட்டது என்றார்.

புஞ்சாக் ஆலாமில் இருக்கும் தம்பி சத்தியசீலன் காரைப் பார்க்க வந்தான். சுற்றிச் சுற்றி வந்தான். கதவைத் திறந்து பின்னிருக்கையை எட்டிப் பார்த்தான்.

"என்னக்கா இது? பின்னால ஒரு பூன கூட காலை நீட்டி ஒக்கார முடியாது. பெட்ரோல தண்ணி மாதிரி குடிக்கும். இதுல யாரை ஏத்திக்கிட்டு போகப் போற?"

"யாரையும் இல்ல."

அவன் சிரித்தான். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டான்.

வார நாள்களில் அதை வெளியே எடுக்க மாட்டாள். விடுமுறை நாளில் சபாக் வரைக்கும் ஓட்டிப் போவாள். அங்கே ஒரு கடையில் காப்பி குடிப்பாள், திரும்புவாள். அவ்வளவுதான். போய்வந்ததைப் பற்றி யாரிடமும் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. அதுவே அவளுக்குப் பிடித்திருந்தது.

கொர்னேலியஸ் மட்டும் விடாமல் தொலைபேசியில் கூப்பிட்டார். தண்ணி பார்த்தாயா, மரத்தடியில் நிறுத்தாதே, கழுவிய பிறகு கதவு ஓரங்களைத் துடைத்தாயா. முதலில் பொறுமையாகப் பதில் சொன்னாள். பிறகு, பேர் வந்தாலே கொஞ்சநேரம் அடிக்கவிட்டு எடுப்பாள்.

ஒரு ஞாயிறு காலை பயிற்சிக் காரில் சந்தைக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு வந்தவள், வீட்டு வாசல் வெறுமையாக இருப்பதைக் கண்டாள். கேட் திறந்து கிடந்தது. பக்கத்து வீட்டு உஷாராணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு பெரியவரு வாடகைக் காடியில வந்து எறங்கினாரு. சாவி போட்டுத் தொறந்து எடுத்துக்கிட்டுப் போனாரு. நீங்கதான் சர்வீசுக்கு அனுப்புறீங்கன்னு நெனச்சேன்."

"கண்ணாடி போட்டவரா?"

"ஆமாக்கா. வெள்ளச் சட்ட. கோல சிலாங்கூர் பக்கமா திரும்பினாரு."

மீன் பையை உஷாராணியிடமே கொடுத்துவிட்டுக் குமுதா மறுபடி பயிற்சிக் காரில் ஏறினாள். கொர்னேலியஸின் மனைவி யூஜினியாவைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். கடைசியில் தேவாலயத்துக்கு வெளியே வந்து எடுத்த யூஜினியா, விஷயத்தைக் கேட்டதும் "ஏசுவே" என்றாள்.

"முட்டி வலின்னு பூசைக்கு வரலம்மா. வீட்ல படுத்திருக்காருன்னு நெனச்சேன். சாவி தொலைஞ்சி போச்சுன்னுதானே என்கிட்டயும் சொன்னாரு!"

"எங்க போயிருப்பாரு அக்கா?"

"தஞ்சோங் காராங் வயக்காட்டு ரோடு. எப்பவும் அங்கதான் ஓட்டுவாரு. ஓட்டவே கூடாதும்மா, அவருக்கு நேரா பாத்தா நடுவுல ஒன்னும் தெரியாது. மொகத்தையே ஒருக்களிச்சுதான் பாப்பாரு."

குமுதா போனாள். தலையில் பயிற்சிப் பலகை வைத்த அந்தச் சின்னக் காரை அவள் இவ்வளவு வேகமாக ஓட்டியதேயில்லை. பாலத்தில், வளைவுகளில், சாலையோரப் பழக்கடைகளில் அவளுடைய கண்கள் எதையோ எதிர்பார்த்துக்கொண்டே போயின. நொறுங்கிய கார் மட்டுமல்ல. கீழே கிடக்கும் மோட்டார்சைக்கிளும் கூடிநிற்கும் கூட்டமும்கூட அவளுடைய மனசுக்குள் வந்துபோயின.

சுங்கை பூரோங்கைத் தாண்டி, வயலுக்கு நடுவே போகும் குறுகலான சாலையில் ஜாகுவார் நின்றது. முன்பக்கத்து இடது சக்கரம் வாய்க்கால் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் தொங்கியது. மூக்கின் ஒரு முனை மண்ணில் புதைந்திருந்தது. விவசாயிகள் சிலர் நின்றார்கள். தண்ணீருக்குள் போகாதது நல்ல நேரம் என்று ஒரு மலாய்க்காரர் அவளிடம் சொன்னார். கொர்னேலியஸ் உள்ளேயே, இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

குமுதா கதவைத் திறந்தாள். "அடி பட்டுருக்கா சார்?"

"இல்ல."

"மெதுவா எறங்குங்க. கால முதல்ல வெளிய வைங்க." பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் பேசும் அதே குரல்தான் வந்தது.

டிராக்டர் வந்து காரைப் பின்னால் இழுக்கும்வரை இருவரும் வரப்போரம் நின்றார்கள். நெல் பச்சையாக இருந்தது. கொக்குகள் பயப்படாமல் டிராக்டருக்குப் பக்கத்திலேயே மேய்ந்தன.

"ரோட்டோரத்து வெள்ளக் கோடு தெரியுது," என்றார் கொர்னேலியஸ். "அதப் பாத்துக்கிட்டே வந்தேன். இங்க வந்ததும் கோடே இல்ல."

"குறுக்க ஒரு பிள்ள சைக்கிள்ல வந்திருந்தா?"

அவர் டிராக்டர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஓட்டணும்னா என்னக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ விட்டிருக்க மாட்ட."

"ஆமா. விட்டிருக்க மாட்டேன்."

பயிற்சிக் காரை வயல்காரர் ஒருவர் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, ஜாகுவாரிலேயே அவரைக் கூட்டிக்கொண்டு திரும்பினாள். பம்பர் வளைந்திருந்தது, ஒரு விளக்கு உடைந்திருந்தது. ஓடுவதற்கு ஒன்றும் கெடவில்லை. அவள் கேட்காமலேயே அவர் சட்டைப் பையிலிருந்து, தொலைந்ததாகச் சொன்ன சாவியை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தார்.

"இத எதுக்கு சார் வாங்கினீங்க?" என்று குமுதா கேட்டாள். கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும்போல இருந்தது.

அவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார். "வீடு பிள்ளைங்களுக்காக வாங்கினேன். நிலம் வயசான காலத்துக்கு. போட்ட சட்டைகூட ஆலையில மரியாதையா தெரியணும்னுதான். எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருந்துச்சு. இது ஒன்னு மட்டும்தான் எதுக்குமில்லாம வாங்கினது. ரோட்டுல போறப்ப நான் யாருக்கும் அப்பன் இல்ல, யாருக்கும் இஞ்சினியர் இல்ல. சும்மா போற ஒரு ஆளு."

குமுதா மன்னித்துவிட்டாளா என்றால், இல்லை. ஆனால் அவர் சொன்னது ஒவ்வொன்றும் புரிந்தது. புரிந்துபோனதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் யூஜினியா பயிற்சி மையத்துக்கே வந்துவிட்டாள். மன்னிப்புக் கேட்பாள், சமாதானம் சொல்வாள் என்று குமுதா எதிர்பார்த்தாள். அதையெல்லாம் இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டு யூஜினியா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எனக்கு ஓட்டக் கத்துக்குடு."

"ஒங்களுக்கா அக்கா?"

"ஏன், வயசாயிடுச்சா? அவருக்கு மாசாமாசம் கண்ணு டாக்டர்கிட்ட போகணும். மகன் சிங்கப்பூர்ல இருக்கான். வாடகைக் காடிக்கு வாசல்ல நின்னு நின்னு கால் வலிக்குது. அவரு வீட்ல அடைஞ்சி கெடக்கிறதாலதான் இந்த மாதிரி கிறுக்குப் புத்தி வருது. வெளிய கூட்டிட்டுப் போக ஒரு ஆளு வேணும்லா."

யூஜினியா நல்ல மாணவியாக இல்லை. பயம் கொஞ்சமும் கிடையாது, அதுதான் பிரச்சினை. ஓட்டிக்கொண்டே கதை பேசுவாள், கதை சொல்லும்போது கையை எடுத்துவிடுவாள். குமுதா பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் "யாரு, நீதானா?" என்று திரும்பிக் கேட்பாள். முதல் பரீட்சையில் மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது வண்டியைப் பின்னால் உருளவிட்டுத் தோற்றாள். இரண்டாவது முறை தேறினாள். சின்னச் சிவப்பு மைவி கார் ஒன்று வாங்கினாள்.

கொர்னேலியஸ் அதில் ஏற மாட்டேன் என்று சில வாரம் முரண்டு பிடித்தார். பிறகு ஏறினார். ஏறியவர் சும்மா வரவில்லை. கியர், கண்ணாடி, வளைவு என்று எல்லாவற்றுக்கும் கருத்துச் சொன்னார். அஸ்ஸாம் ஜாவா பக்கம் வந்தபோது யூஜினியா காரை ஓரங்கட்டி, "வாய மூடிக்கிட்டு வாங்க, இல்லன்னா எறங்கி நடங்க" என்றாளாம். இதை அவளே குமுதாவிடம் வந்து சொல்லிச் சிரித்தாள். அதன் பிறகு அவர் வாயை மூடிக்கொண்டு வந்தாராம். ஒருநாள் தூங்கிக்கூடப் போனாராம்.

இதற்குள் ஜாகுவாரின் பம்பரையும் விளக்கையும் மாற்றியாயிற்று. விளக்கு வெளிநாட்டிலிருந்து வந்துசேரக் காலம் பிடித்தது. குமுதாவின் வீட்டுக் கேட்டில் இப்போது பூட்டு தொங்கியது.

ஒரு சனிக்கிழமை பிற்பகல், குமுதா காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மைவி வந்து வாசலில் நின்றது. யூஜினியா இறங்கினாள். கொர்னேலியஸ் இறங்காமல் ஜன்னலை மட்டும் இறக்கிவிட்டுக்கொண்டார். வாழைப்பழச் சீப்பு ஒன்றைக் கொடுத்துவிட்டு யூஜினியா ஜாகுவாரைச் சுற்றிவந்தாள். அதன் மூக்கின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"குமுதா, ஒரு சுத்து நான் ஓட்டிப் பாக்கட்டுமா? இந்த தாமான் தெருவுக்குள்ளேயே. நீ பக்கத்துல ஒக்காந்துக்கோ."

குமுதா துணியைப் பிழிந்தாள். கேட்டது பெரிய விஷயமில்லை. தெரு காலியாகத்தான் இருந்தது. ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவளேதான். யாராவது கேட்டால் சரி என்று சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். சரி என்ற சொல் வாய்வரைக்கும் வந்தது.

"இல்லக்கா," என்றாள். "இத நான் மட்டும்தான் ஓட்டுவேன்."

யூஜினியாவின் முகம் சற்றுச் சுருங்கியது. "கஞ்சம்," என்றாள். பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டு, "சரி வுடு. எனக்கு என் மைவி போதும், இது ஒரே நீளம்," என்று சொல்லிவிட்டுப் போய் ஏறிக்கொண்டாள். கொர்னேலியஸ் ஒருக்களித்த முகத்தோடு குமுதா நின்ற பக்கம் பார்த்துக் கையை மட்டும் உயர்த்தினார்.

மைவி குலுங்கிக்கொண்டே தெருமுனையில் திரும்பியது. சிக்னல் போடவில்லை. மனசு உறுத்தும் என்று குமுதா நினைத்தாள். உறுத்தவில்லை. வாழைப்பழத்தை உள்ளே வைத்துவிட்டு வந்து, மழை வருவதற்குள் பின்பக்கக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினாள்.