கிரெக்குக்கு வாங்கிய எட்டடிக் கோல்

கிரெக் எங்களைக் கைகழுவப் போகிறார் என்ற செய்தி சனிக்கிழமை வந்தது. நல்லூரில் என் அக்கா புருஷன் லிங்கசாமி நடத்தும் பனியன் கம்பெனியின் எண்பது மெஷினுக்கும் அந்த அமெரிக்கர் ஒருவர்தான் சோறு. குழந்தை உடுப்பு ஆர்டர். போன சீசன் சரக்கு ஒன்பது நாள் தாமதம். செவ்வாய்க்கிழமை நேரில் வந்து முடிவு சொல்வாராம்.

“மனசு எளகற மாதிரி ஏதாவது கையில குடுக்கோணும் மாப்ள,” என்றார் மாமா.

கிரெக்குக்கு உயிர், பாஸ் என்கிற அமெரிக்க ஏரி மீனைப் பிடிப்பது. அவர் அனுப்பிய படத்தில் இரைக்கு மாட்டும் ரப்பர் பொய்மீனே முழங்கை நீளம். அதை வீச ஒரு தூண்டில் கோல் வாங்கும் வேலை, பர்ச்சேஸ் பார்க்கும் என் தலையில் விழுந்தது.

கோயமுத்தூர் கடையில், நூல் வாங்குகிற புத்தியில், மெல்லிசாக ஒன்றை எடுத்தேன். எத்தனை கிராம் பொய்மீன் வீசுவார் என்றார் கடைக்காரர். நூற்றெழுபது என்றேன். கோலை என் கையிலிருந்து மெதுவாகப் பிடுங்கிக்கொண்டார். அது முப்பது கிராமுக்கானதாம்; வீசினால் நுனி போய்விடும். அதற்காக வெறும் முரட்டுக் கோலும் ஆகாது. நடுவரை வளைந்து, எடையை வாங்கிக்கொண்டு, பிறகு எறிய வேண்டும். எட்டடி நீளம், இரண்டு கைக்கும் பிடி, இணைப்பில்லாத ஒற்றைத் துண்டு. விலையைக் கேட்டு மூன்று முறை படியிறங்கினேன். மூன்றாம் முறைதான் கூப்பிட்டார்.

செவ்வாய் மதியம் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் நோட்டை நீட்டினார். கோல் தைக்கிற சரக்குமில்லை, விற்கிற சரக்குமில்லை. எங்கள் தொழிலில் அப்படிப்பட்ட எதற்கும் ஒரே பெயர்தான். “சாம்பிள் – 1” என்று எழுதி, கோலை அங்கேயே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தபோது, டெஸ்டிங் மேஜையில் கோல் இரண்டாகக் கிடந்தது. ஒரு துண்டில் டெஸ்ட் ரிப்போர்ட் அட்டை கட்டியிருந்தது.

“ஏழரைக் கிலோ வரைக்கும் நின்னுதுங்ணா. நல்ல சரக்கு,” என்றாள் டெஸ்டிங் பார்க்கும் சுபஸ்ரீ.

என் வாய்க்குள் ஈ போயிருந்தாலும் தெரிந்திருக்காது. யாரைக் கேட்டு உடைத்தாய் என்றதும் அவள்தான் அதிர்ந்தாள்.

“சாம்பிளுன்னு வந்தா உடையற வரைக்கும் இழுக்கறதுதானுங்ணா. உடைக்காம எப்படி ரிப்போர்ட் போடறது?”

மாமா வந்தார், பார்த்தார், நாற்காலி இல்லாத இடத்தில் உட்காரப் போனார். நான் தாங்கிப் பிடித்தேன். அதற்குள் கிரெக்கின் கார் வந்துவிட்டது. பாதிக் கோலே நாலடி, எங்கே ஒளிப்பது? உள்ளே வந்தவர் முதலில் அதைத்தான் பார்த்தார். உடைந்த இடத்தை விரலால் தடவினார். யாருக்கு வாங்கியது என்றார். உங்களுக்குத்தான் என்றேன். அட்டையைப் படித்தார். பிறகு, என் உடுப்பின் பட்டன்களையும் இந்தப் பெண் இப்படித்தான் இழுக்கிறாளா என்று கேட்டார்.

நான் கண்ணைக் காட்டுவதற்குள் சுபஸ்ரீ ஃபைலைக் கொடுத்துவிட்டாள். போன சீசன் தாள், சிவப்பு மையில். தாங்க வேண்டியதில் பாதி எடையிலேயே பட்டன் கழன்றது. பதினெட்டாயிரம் உடுப்பிலும் பிடுங்கி வேறு பட்டன் வைத்தோம். அதற்குத்தான் அந்த ஒன்பது நாள். ஒன்பது நாளும் மாமா அவளைத் திட்டித் தீர்த்தார். கிரெக்கிடம், சாயப்பட்டறையை மூடிவிட்டார்கள் என்றோம். என் சரக்கில் குறை என்று வாங்குகிறவனிடம் சொன்ன வியாபாரி எங்கள் வம்சத்தில் இல்லை.

கிரெக் தாளை மடித்து வைத்தார். பட்டறை மூடல் என்றீர்களே என்று மாமாவைக் கேட்டார். மாமா டீ கொண்டுவரச் சொன்னார்.

கிரெக் பாதி ஆர்டர் தந்தார். மீதி, மூன்று மாதம் சுபஸ்ரீயின் ரிப்போர்ட் எங்கள் கை படாமல் அவருக்கு நேரே வந்த பிறகு.

கார் போனதும் மாமா கேட்டார்: “நெசத்தச் சொல்லியிருந்தா முழுசும் நின்னிருக்குமா மாப்ள?”

தெரியவில்லை மாமா என்றேன். மிச்சம் நாற்பது மெஷினுக்கு வேலை தேடி, இரண்டு பேரும் அன்றைக்கே ஊத்துக்குளிப் பக்கத்துக் கம்பெனிகளுக்குக் கிளம்பினோம்.