கசக்குதா

படிப்புக்கான கட்டணத்தைப் பற்றி எனக்குக் குறை எதுவும் இல்லை. அது சேர்க்கைக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்திலேயே இருந்தது. அரசுக் கடனில் போய்விடும். பிறகு சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். கடிதத்தில் இல்லாத கட்டணங்களைப் பற்றித்தான் சொல்கிறேன்.

வரின்யா ஆஸ்பத்திரியில் பதினான்கு வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். டாக்டர் லாக்யர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சின்ன விமானத்தில் வந்து போவார். இடைப்பட்ட நாட்களில் ஒரு குழந்தையின் காதுவலிக்கு மருந்து எழுத வேண்டுமென்றாலும் நகரத்துக்கு போன் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். இந்த முதுநிலைப் படிப்பை முடித்தால் நானே எழுதலாம். செய்முறைப் பயிற்சியை இங்கேயே, தன் மேற்பார்வையில் செய்யலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். வருகிற டிசம்பரோடு அவர் ஓய்வு பெறுகிறார். ஆகவே இந்த வருஷம் விட்டால் விட்டதுதான். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் பல்கலைக்கழக இணையதளத்தில் என் பெயருக்கு எதிரே உள்ள சிவப்புக் கட்டங்கள் எல்லாம் பச்சையாக மாற வேண்டும்.

முதல் கட்டம் போலீஸ் சான்றிதழ். ஆஸ்பத்திரிக்காக மார்ச்சில் வாங்கியது இருக்கிறது என்றேன். செல்லாதாம், புதிதாக ஐம்பத்தாறு டாலர். அடுத்தது தடுப்பூசி. இந்த ஊரில் பாதிப் பேரின் அட்டையில் இருப்பது என் கையெழுத்து. என் அட்டையைச் சரிபார்க்க யாரோ ஒருவருக்கு எண்பத்தைந்து டாலர். பிறகு சட்டை. அதே வார்டில் நீலச் சட்டை போட்டு வேலை பார்க்கும் நான், பயிற்சி நாளில் மட்டும் ‘மாணவி’ என்று நெஞ்சில் எழுதிய பச்சைச் சட்டை போட வேண்டும். கட்டாயம் இரண்டு.

“மிஸஸ் கெல்லர்ட் பாத்தாங்கன்னா, ‘அய்யோ, பெயிலாக்கிட்டாங்களாம்மா’ன்னு கேப்பாங்க பாரு,” என்றாள் டெல்வீன். என்னோடு வேலை செய்கிறவள், என்னைவிட இருபது வயது மூத்தவள், வாய் மட்டும் மூப்படையவில்லை. மிஸஸ் கெல்லர்ட் வாரம் தவறாமல் வந்து நிற்கும் எங்கள் நோயாளி.

கடைசிக் கட்டம் மாஸ்க் சோதனை. மாஸ்க் முகத்தில் இடைவெளி இல்லாமல் பொருந்துகிறதா என்று பார்ப்பது. வெளியார் நிறுவனத்தில் செய்ய வேண்டும், நூற்று நாற்பது டாலர், ஆறு மணி நேர கார்ப் பயணம். இந்த ஆஸ்பத்திரியில் அந்தச் சோதனையை எல்லோருக்கும் செய்வதே நான்தான்.

தேதி, பொருள், பத்திக்கு ஒரு விஷயம் என்று எங்கள் பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி ஒரு கடிதம் எழுதினேன். இணையதளத்துப் பெட்டி இருநூறு எழுத்துக்கு மேல் வாங்கவில்லை. வணக்கம் சொல்லி விஷயத்துக்கு வருவதற்குள் தீர்ந்துவிட்டது. வியாழக்கிழமை போன் செய்தேன். நாற்பது நிமிஷம் பாட்டுக் கேட்ட பிறகு ஜெரோம் என்று ஒருவர் வந்தார். மாஸ்க் சோதனையை இங்கே செய்வதே நான்தான் என்று சொன்னேன்.

“உங்களுக்கு நீங்களே கையெழுத்துப் போட முடியாதுங்க.”

“நான் போடறேன்னு சொல்லவே இல்லையே. எங்க ஆஸ்பத்திரியிலயே வேற ஒருத்தர் செஞ்சா?”

“சோதிக்கறதுக்கு அவங்க சான்றிதழ் வச்சிருக்காங்களா?”

“வச்சிருக்காங்க.”

“அப்ப தாராளமா செய்யலாமே.”

“இத உங்க தளத்துல எங்கயாவது போட்டிருக்கீங்களா?”

“இல்லைங்க. நல்ல யோசனை, சொல்லிப் பாக்கறேன்.”

டெல்வீன் என்னோடுதான் மாஸ்க் சோதிக்கும் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கினாள். ஒருவரைக்கூடச் சோதித்ததில்லை. வெள்ளி மதியம் சாப்பாட்டு அறையில் என்னை உட்காரவைத்து, நான் வழக்கமாகப் போடும் மாஸ்க்கை மாட்டச் சொல்லி, அதன் மேல் வெள்ளை உறையைத் தலையோடு கவிழ்த்தாள். உறையில் உள்ள ஓட்டை வழியே கசப்பு மருந்தைப் பீச்ச வேண்டும். மாஸ்க் சரியாக இருந்தால் உள்ளே இருப்பவருக்குக் கசக்காது.

“மூச்ச இழுத்து விடு. தலைய இந்தப் பக்கம் திருப்பு. அந்தப் பக்கம். டாம்சின், உன்ன இப்படி வாய மூட வச்சு அதிகாரம் பண்ண எத்தன வருஷமா காத்திருந்தேன் தெரியுமா?”

இடது பக்கம் திரும்பியபோது நாக்கின் ஓரத்தில் லேசாக ஏதோ பட்டது. மறுபடி திரும்பினேன். பாகற்காயைக் கடித்த மாதிரி கசந்தது.

“கசக்குதா?”

கடிகாரம் இரண்டு ஐம்பது காட்டியது. கசப்பு வெளியே நிற்பவருக்குத் தெரியாது. ‘இல்லை’ என்று ஒரு சொல் போதும், கட்டம் பச்சையாகிவிடும். அதே மாஸ்க்கோடுதான் இந்தக் குளிர்காலம் முழுக்க இருமுகிறவர்களின் படுக்கையருகே நின்றிருக்கிறேன். போன வருஷம் பத்து கிலோ இளைத்தேன். உடம்பு ஏறினாலும் இறங்கினாலும் மறுபடி வந்து சோதித்துக்கொள்ளுங்கள் என்று எல்லோருக்கும் சொன்ன வாய் இது.

“கசக்குது.”

டெல்வீன் உறையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். “நிஜமாவா? விளையாடாதடி.”

“கன்னத்துக்கிட்ட காத்து போகுது. எனக்குச் சின்ன சைஸ் வேணும்.”

“பத்து கிலோவ வேற எங்கயாவது எறக்கக் கூடாதா நீ?”

சின்ன சைஸ் எங்கள் அலமாரியில் இல்லை. எதிரே ஆம்புலன்ஸ் நிலையத்துக்கு ஓடினேன். இருந்தது. பெட்டியைப் பிரித்தால் முழுதாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள், நாற்பத்தெட்டு டாலர். ரசீது எழுதத் தேடிய பேனா கிடைக்கவே ஐந்து நிமிஷம். வாய் கொப்பளித்து, கசப்பு போகக் கால் மணி நேரம் காத்திருந்து, முதலிலிருந்து எல்லாம். இந்த முறை எந்தப் பக்கம் திரும்பினாலும் கசக்கவில்லை. டெல்வீனின் கையெழுத்தை மூன்று ஐம்பத்தொன்றுக்கு ஏற்றினேன். கடைசி நாளில் ஏற்றும் ஆவணத்துக்கு அவசரக் கட்டணம் இருபத்தைந்து என்றது திரை. வங்கி அட்டை எண்ணை மனப்பாடமாகத் தட்டினேன். கட்டம் பச்சையானது. மேற்பார்வையாளராக டாக்டர் லாக்யரின் பெயரும் மாணவியாக என் பெயரும் ஒரே வரியில் வந்தன.

திரும்பிப் பார்த்தால் டெல்வீன் நாற்காலியில் உட்கார்ந்து உறையைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் ஏழு கிலோ ஏறியிருக்கேன்,” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “ஆரம்பி.”

“நூத்தி நாப்பது டாலர்.”

“போடி.”

மருந்துக் குப்பியைக் கையில் எடுத்தேன்.