மைதீன் பிச்சையின் துண்டு

ராஜபாளையம் மாட்டுச்சந்தையில் தரகர் மைதீன் பிச்சையின் துண்டு பொய் சொல்லாது என்பது 1983-லேயே ஊரறிந்த சங்கதி. துண்டுக்கடியில் ரெண்டு பேர் கையை விடவேண்டும். சரி என்றால் விரித்த கை, வேண்டாம் என்றால் மூடிய கை. ரெண்டும் விரிந்திருந்தால் துண்டு காய்ந்தபடி இருக்கும். ஒரு கை மூடியிருந்தாலும் சொட்டச் சொட்ட நனைந்துவிடும். அதற்குமேல் தரகருக்கே ஒன்றும் தெரியாது. ஒருமுறை போலீஸ்காரர் ஒருத்தர், மூடினது யார் என்று அந்தத் துண்டைப் பிழி பிழியென்று பிழிந்து பார்த்தார். வெறும் தண்ணீர்தான் வந்தது. ஒரே ஒரு கோளாறு உண்டு. கையை விரித்தவருக்கு, துண்டு நனைந்தால், மூடினது அடுத்த ஆள் என்று தெரிந்துபோகும். மூடினவருக்கு ஒரு எழவும் தெரியாது. அதை மட்டும் யாராலயும் திருத்த ஏலாது என்பார் மைதீன் பிச்சை.

ஸ்ரீவில்லிபுத்தூர் கருத்தப்பாண்டியும் அவர் சம்சாரம் அழகுத்தாயும் மாட்டுக்காக அங்கே வரவில்லை. 1986 ஐப்பசியில் அய்யனார் கோவில் ஆற்று வெள்ளம் அவர்களுடைய ஒரே மகன் சோலைராஜைக் கொண்டுபோனது. உடம்பு கிடைக்கவில்லை. கருமாதி செய்துவிடலாமா என்று வாய்விட்டுக் கேட்டால், கேட்டவரே பிள்ளையைக் கொன்ற மாதிரி ஆகிவிடும். அதனால்தான் துண்டு. கருத்தப்பாண்டி கையை விரித்தார். பாவி மனுசனுக்கு அழுது தீர்க்கவேண்டும், ஒரு ராத்திரியாவது தூங்கவேண்டும். துண்டு நனைந்தது. வருசாவருசம் ஐப்பசியில் வந்தார்கள், அவர் விரித்தார், துண்டு நனைந்தது. அவர் மனசு அவளுக்குத் தெரியாது. அவள் மனசு அவருக்கு அம்புட்டும் தெரியும். தெரிந்துகொண்டே ஒரே சட்டியில் சோறு தின்பது என்ன கொடுமை!

1995-ல் அவருக்கு மனசு விட்டுப்போனது. இந்த ஒரு தடவையாவது அவளோடு நிற்போம் என்று கையை மூடிக்கொண்டார். துண்டு நனைந்தது.

திரும்பும் பஸ்ஸில் அழகுத்தாய் அவர் கையைப் பிடித்தாள். "ஏங்க, நீங்களும் அவன் வருவான்னுதான் இருக்கியளா? நான் ஒரு கிறுக்கச்சி, போதும் முடிச்சிருவோம்னு இந்த வருசம் கையை விரிச்சிட்டேனே!"

அத்தனை வருசமாகக் கருத்தப்பாண்டி ஏங்கிக் கிடந்தது அந்த விரிந்த கைக்குத்தான். ஆனால் வெள்ளத்துக்குப் பொறவு அன்றைக்குத்தான் அவள் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது.

"ஆமா, வருவாம்ட்டி" என்றார்.

மறுநாள் அவள் சோலைராஜின் கைலியைத் துவைத்துத் தெருவாசல் கொடியில் போட்டாள். அது சித்திரை வெயிலிலும் காயவில்லை. தெருவில் போகிறவர்கள் தலையில் சொட்டாமல் குனிந்து போகப் பழகிக்கொண்டார்கள்.