இடப்பக்கக் கோட்டம்

மார்ச் மாதம் ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை. வானம் வெளிறிய மேகங்களால் மூடப்பட்டிருந்தது. மரங்களில் ஓர் இலையும் அசையவில்லை. சக்கரத்தின் கோட்டத்தைக் கண்ணால் அளப்பதற்கு இதனினும் உகந்த நாள் வேறில்லை. வெயிலற்ற வெளிச்சத்தில் நிழல் விழுந்து கண்ணை ஏமாற்றுவதில்லை அன்றோ!

என் பட்டறையின் தாங்கியில் அன்று தொங்கியது எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளின் முன்சக்கரமே ஆகும். முந்தைய மாலை என் மைத்துனன் அதனை மூடியில்லாத சாக்கடையின் விளிம்பில் மோதிவிட்டான். எதையும் ஓடிக்கொண்டே செய்பவன் ஆதலால் அவனை யாவரும் ‘எக்ஸ்பிரஸ்’ என்றே அழைப்பர்.

பிற்பகல் மூன்று மணிக்கு என் மனைவிக்கு ஓட்டுநர் தேர்வு. வீடு வீடாக மருந்து கொண்டு சேர்க்கும் வேலையை மருந்துக்கடைக்காரர் அவளுக்காக ஒதுக்கி வைத்திருந்தார். அன்று மாலை ஐந்து மணிக்குள் தேர்ச்சிச் சீட்டைக் காட்டாவிடில் அவ்வேலை வேறொருவருக்குச் சென்றுவிடும்.

“எட்டு போடச் சொன்னது என்னை. நீ சக்கரத்தையே எட்டாக்கிட்டியேடா!” என்றாள் அவள்.

“நான் என்னக்கா பண்ணுவேன், சாக்கடைதான் குறுக்க வந்துச்சு.”

“ஆமா, அதுக்குக் கால் முளைச்சிருக்கு பாரு. போ, மாமாவுக்கு அந்த மரச்சுத்தியலை எடுத்துக் குடு. ஓடாம போ.”

முதலில் வளையத்தை மரக்கட்டையின்மீது கிடத்தி, முழங்காலால் அழுத்தி, பெரிய வளைவை எடுத்தேன். முறிந்த இரண்டு கம்பிகளுக்குப் பதிலாகப் புதியவற்றைக் கோத்தேன். பின்னர் சக்கரத்தை மெல்லச் சுழற்றி, அதன் ஓரத்தில் சுண்ணக்கட்டியைப் பிடித்தேன். வளையம் எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கத்தில் வெள்ளைக்கோடு விழும். கோடு விழுந்த பக்கத்துக் கம்பியைத் தளர்த்தி, எதிர்ப்பக்கத்துக் கம்பியை இறுக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும். அவசரப்பட்டால் பழைய கோட்டம் போய்ப் புதிய கோட்டம் வந்து சேரும். உச்சி வேளையில் சுண்ணக்கட்டி எவ்விடத்தையும் தீண்டவில்லை. வளையம் நடுக்கோட்டில், நூல் பிடித்தாற்போல் நின்றது. என் மார்பு சற்று விரிந்தது என்பதை மறைப்பானேன்?

பட்டறைக்குப் பின்னிருந்த சந்தில் இரண்டு வாளிகளைக் கவிழ்த்து வைத்தோம். அவற்றைச் சுற்றி எட்டு போட்டுப் பழகுவது அவள் வழக்கம். முதல் சுற்றிலேயே காலை ஊன்றினாள். இரண்டாம் சுற்றில் வாளி உருண்டது. மூன்றாம் சுற்றில் சுவரை நோக்கிச் சென்றாள்.

“என்னங்க, இது நம்ம வண்டியே இல்ல. யாரோ வீட்டு வண்டிய ஓட்டுற மாதிரி இருக்கு.”

“சக்கரம் இப்பதான் சரியா இருக்கு. கம்பெனியிலேருந்து வந்தப்ப கூட இப்படி இருந்திருக்காது.”

“அதுதாங்க வம்பே! முன்னாடி இடப்பக்கம் கொஞ்சம் இழுக்கும். நான் அதைப் பிடிச்சு பிடிச்சுதான் பழகினேன். இப்ப கை தானா வலப்பக்கம் போகுது.”

அவள் கூறியது உண்மை. ஊரார் சக்கரங்களை எல்லாம் நேராக்கிய நான், எங்கள் வண்டியின் வளையம் ஆறு ஆண்டுகளாக நூலளவு இடப்பக்கம் ஒதுங்கி நின்றதை, நாளை பார்ப்போம், நாளை பார்ப்போம் என்றே விட்டிருந்தேன். அந்தக் கோட்டத்தோடு கூடியே அவள் கற்றிருக்கிறாள்.

“பழையபடி ஆக்கிடுங்க,” என்றாள்.

“என்னது? நான் வேணும்னே கோட்டம் வைக்கணுமா? இதுக்கா காலையிலேருந்து முதுகு ஒடிஞ்சேன்?”

“மாமா, வேணும்னா நான் இன்னொரு தடவை சாக்கடையில விட்டுட்டு வரட்டுமா?” என்றான் எக்ஸ்பிரஸ்.

“வாய மூடுடா,” என்று நாங்கள் இருவரும் ஒருசேரக் கூறினோம். பிறகு அவள் என்னை ஏறிட்டு நோக்கினாள். அவள் கண்கள் கலங்கவில்லை. ஆயினும் வண்டிப்பிடியை விடாமல் இறுகப் பற்றியிருந்தாள். நான் கம்பி முறுக்கும் சாவியைக் கையில் எடுத்தேன்.

இடப்பக்கக் கம்பிகளைக் கால் சுற்று இறுக்கினேன். வலப்பக்கக் கம்பிகளை அதே அளவு தளர்த்தினேன். பழைய கோட்டம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அதை அறிந்தவை அவளுடைய கைகளே. அவள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, அடுப்பில் கொதிப்பதை நாவில் விட்டு உப்புப் பார்ப்பவளைப்போல், “இன்னும் கொஞ்சம்” என்பாள். மீண்டும் கால் சுற்று. “போதும், போதும்... ஐயோ, ஜாஸ்தியாயிடுச்சு.” சிறிது பின்வாங்கினேன். அதன்பின் அவள் தரையில் கால் படாமல் தொடர்ந்து ஐந்து எட்டுகள் போட்டாள். வாளிகள் அசையவில்லை.

தேர்வுத் திடலில் நான் வேலியோரம் நின்றேன். அவள் எட்டு போட்டு முடித்ததும், தேர்வு அதிகாரி தாமே வண்டியில் ஏறி ஒரு வட்டமடித்து வந்து இறங்கினார்.

“என்னம்மா, வண்டி ஒரு பக்கமா இழுக்குது? சக்கரத்த யார் பார்த்தது?”

என் சட்டையின் முதுகில் ‘இங்கு சக்கரக் கோட்டம் எடுக்கப்படும்’ என்று பெரிய எழுத்துகளில் அச்சிடப்பட்டிருந்தது. நான் மெல்ல நகர்ந்து முதுகை வேலியோடு ஒட்டவைத்துக்கொண்டேன். எக்ஸ்பிரஸோ என்னைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க மாட்டாமல் குந்திவிட்டான்.

“என் வீட்டுக்காரர்தான் சார் பார்த்தாரு,” என்றாள் அவள், சற்றும் தயங்காமல். “எனக்கு இப்படித்தான் சார் வசதி.”

“நல்லா ஓட்டுறீங்க. பாஸ். ஆனா வேற மெக்கானிக்கா பாருங்கம்மா.”

“பார்க்கிறேன் சார்,” என்றாள்.

மருந்துக்கடைக்கு அவளே ஓட்டினாள். நான் பின்னால் அமர்ந்தேன். வண்டி இடப்பக்கம் இழுப்பதும், அவள் அதை வலப்பக்கம் மீட்பதும் எனக்குத் துல்லியமாகத் தெரிந்தன. என் கைவேலையில் இத்தகைய பிழையை நான் ஒருநாளும் பொறுத்ததில்லை. இன்று அது ஒன்றும் உறுத்தவில்லை.

“ஏங்க, நாளைலேருந்து தினம் கொஞ்சம் கொஞ்சமா நேராக்குங்க,” என்றாள் அவள், திரும்பிப் பாராமலே. “என் கைக்குத் தெரியாம.”

“வேற மெக்கானிக்க பார்க்கிறேன்னு சொன்ன?”

“பார்த்தேன். யாரும் கடன் சொன்னா ஒத்துக்கல.”

மருந்துக்கடைக்காரர் சீட்டை வாங்கிப் பார்த்து, முதல் மருந்துப் பையை அவள் கையில் கொடுத்தபோது சுவர்க் கடிகாரத்தில் மணி சரியாக நான்கு ஐம்பத்திரண்டு.